நட்டு எவ்வளவு இறுக வேண்டும்? டார்க் பற்றி ஓர் எளிய விளக்கம்

உளுந்தூர்பேட்டை தாண்டியிருந்தோம். இரவு பதினொன்றரை. பின்சக்கரம் பங்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, காரோடு வந்த வீல் ஸ்பேனரும் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. கையால் முக்கிப் பார்த்தேன். ஒரு காலை வைத்து மிதித்துப் பார்த்தேன். கடைசியில் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றேன். 75 கிலோ ஆள், 25 சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் சர்க்கஸ்காரன் மாதிரி நிற்கிறேன். நட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் டயர் மாற்றியிருந்தேன். அந்தக் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒவ்வொரு நட்டையும் ‘டர்ர்ர்’ என்று அடித்து முடித்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்து, “நல்லா டைட்டா இருக்கு” என்று திருப்தியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டில் முதன்முதலாக எஞ்சின் ஆயில் மாற்றிய அன்று நானும் இதையேதான் செய்தேன். ஆயில் ஒழுகிவிடுமோ என்று பயம். பழைய ஆயிலை வடிக்கும் துளையை அடைக்கிற டிரெயின் போல்ட்டை இறுக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு கொஞ்சம் என்று இழுத்தபோது ஸ்பேனர் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவது போல லேசாகிவிட்டது. அந்த லேசை ஒரு தடவை கையில் உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியின், அதாவது ஆயில் சம்ப்பின், மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. (போல்ட்டின் மேலும் துளையின் உள்ளேயும் ஓடுகிற சுருள் வரிகளைத்தான் மரை என்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் த்ரெட்.)

‘டைட்டா வை’ என்பது ஓர் அளவு இல்லை. ‘உப்பு போடு’ என்பது மாதிரிதான். எவ்வளவு என்று கேட்டால் ‘தேவையான அளவு’ என்று பதில் வரும். கார் தயாரிப்பாளர்களோ ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணின் பெயர் டார்க். அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதில்தான் பெரும் குழப்பம். இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கதவும் ஸ்பேனரும்

வீட்டுக் கதவைக் கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளுங்கள், திறந்துவிடும். அதே கதவைக் கீல் பக்கத்தில், கீலிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துத் தள்ளிப் பாருங்கள். தோள் கொடுக்க வேண்டியிருக்கும். கதவு அதேதான், தள்ளுபவரும் நீங்கள்தான். மாறியது கீலிலிருந்து உங்கள் கை இருக்கும் தூரம் மட்டும்.

ஒன்றைத் திருப்புவதற்கு விசை மட்டும் போதாது. அந்த விசை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதும் சேர வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் டார்க். பாடப்புத்தகத்தில் திருப்பு விசை என்று படித்திருப்பீர்கள். அலகு, நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை வேண்டும். அந்த ஒரு கிலோவை ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் தொங்கவிட்டால் சுமார் 10 நியூட்டன் மீட்டர்.

இப்போது என் நள்ளிரவு சர்க்கஸைக் கணக்கு பார்க்கலாம். 75 கிலோ என்றால் சுமார் 736 நியூட்டன். கால் மீட்டர் ஸ்பேனர். பெருக்கினால் 184 நியூட்டன் மீட்டர். சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றின் வீல் நட்டுக்குக் கையேடு சொல்லும் எண் 80-க்கும் 120-க்கும் இடையில்தான் இருக்கும். தூசியும் துருவும் ஏறிய நட்டைக் கழற்ற, இறுக்கியதைவிடக் கூடுதல் பலம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டே வாரத்தில் அவ்வளவு துரு ஏறாது.

இதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பாருங்கள். 100 நியூட்டன் மீட்டர் வேண்டும், ஸ்பேனர் கால் மீட்டர் என்றால் நுனியில் சுமார் 40 கிலோ பலம் போதும். ஒன்றரை அரிசி மூட்டை. “காலை வெச்சு ஒரு மிதி மிதிச்சிடு தம்பி” என்று வழியில் யாராவது அறிவுரை சொன்னால், அது இறுக்குவதற்கு என்றால், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கார் விளம்பரத்தில் வரும் டார்க்கும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். ஒன்றேதான். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கு 110 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் போட்டிருப்பார்கள். அதாவது ஒரு வீல் நட்டை முறையாக இறுக்கும்போது உங்கள் கை அந்த எஞ்சினுக்குச் சமமாகத் திருப்புகிறது. எஞ்சின் அதையே நிமிடத்துக்கு 4,000 தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டே செய்கிறது, நாம் ஒரே ஒரு கால் சுற்று. வித்தியாசம் அங்கேதான்.

அலகுகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய கையேடுகளில் கிலோ மீட்டர் என்று, அதாவது கிலோ எடையை மீட்டரால் பெருக்கிய கணக்கில், போட்டிருப்பார்கள். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அமெரிக்க வீடியோக்களில் ஃபுட் பவுண்ட் என்பார்கள். ஒரு ஃபுட் பவுண்ட் 1.36 நியூட்டன் மீட்டர். வீடியோவில் ‘நூறு’ என்பது காதில் விழுந்தால் அலகு எது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். அதே நூறுக்குள் 36 சதவீத வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டார்க் என்பது நட்டைத் திருப்ப நாம் செய்யும் முயற்சி. பலத்தை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். நட்டு எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்பதை இன்னும் தொடவே இல்லை.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங்

ஈரத்துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொளதொளவென்று கட்டினால் இரண்டு வேட்டி போட்டதும் தரையைத் தொடும். இழுத்துக் கட்டினால் நிற்கும். கயிறு நிற்பது முடிச்சினால் மட்டும் இல்லை. இழுபட்டுக் கிடப்பதால், அது எப்போதும் இரண்டு தூண்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

போல்ட்டும் அப்படித்தான். நட்டைச் சுற்றச் சுற்ற அது போல்ட்டின் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறது. எஃகுத் தண்டு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் ஆசைதான் நடுவில் இருக்கும் பாகங்களை நெரித்துப் பிடிக்கிறது. இதற்குப் பிடிவிசை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இழுக்கும் அளவுக்கு ஏற்ப ஸ்பிரிங் நீளும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் எழுதி வைத்த விதி எஃகு போல்ட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

இரும்பு எங்கே நீளும் என்று தோன்றலாம். நீள்வது கண்ணுக்குத் தெரியாது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வீல் போல்ட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், எண்ணெய் படாத சுத்தமான மரையில், சுமார் 4 டன் எடைக்குச் சமமான பிடிவிசை கிடைக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அந்த இழுப்பில் இரண்டு சென்டிமீட்டர் தண்டு நீளுவது 0.05 மில்லிமீட்டருக்கும் குறைவு. நோட்டுப்புத்தகத் தாள் ஒன்றின் தடிமனில் பாதி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 டன். அரைத்தாள். நான்கு நட்டும் சேர்ந்து 16 டன்னுக்கு மேல் நெரித்து வீலை ஹப்போடு ஒட்டிவைக்கின்றன. ஹப் என்பது வீல் போய் உட்காரும் சுழலும் தட்டு. அந்த நெரிசலில் இரண்டு உலோக முகங்களுக்கு இடையே வரும் உராய்வுதான் பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் வீல் நகராமல் காக்கிறது. வீல் அந்த நான்கு போல்ட்டில் சட்டை ஆணியில் தொங்குவது போலத் தொங்குகிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படித் தொங்க ஆரம்பித்துவிட்டால், அதாவது பிடி விட்டுப்போனால், ஒவ்வொரு சுற்றிலும் வீல் இம்மி இம்மியாக நகர்ந்து போல்ட்டை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வளைக்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைப்போமே, அது போல ஒருநாள் ஒடியும்.

அரைத்தாள் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே துருப்பொடியோ, காய்ந்த சேறோ, புதிதாக அடித்த பெயின்ட்டோ இருக்கிறது என்று வையுங்கள். முதலில் நட்டு நன்றாகத்தான் இறுகும். நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் படலம் நசுங்கிவிடும். போல்ட் நீண்டதே அரைத்தாள். நசுங்கியதும் அரைத்தாள் என்றால்? கொடிக்கயிற்றின் தூணைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டது மாதிரி, பிடி மொத்தமும் காற்றில் போய்விடும். நட்டு ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது. ஆனாலும் அது லூஸ். வீலைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். அலாய் வீல் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

ஆக, நமக்கு வேண்டியது பிடிவிசை. அது போல்ட்டின் நீட்சியிலிருந்து வருகிறது. ஆனால் நீட்சியை வீட்டில் அளக்க முடியாது, டார்க்கைத்தான் அளக்க முடியும். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு தரகர் உட்கார்ந்திருக்கிறார்.

நூறு ரூபாய் சம்பளம்

தரகரின் பெயர் உராய்வு. சம்பளம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வீட்டு வாடகை. நாற்பது மளிகை. மிச்சம் பத்து ரூபாய் சேமிப்பு. நட்டை இறுக்குவதிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான். நாம் போடும் முயற்சியில் பாதி, நட்டின் அடிப்பக்கம் வீலில் உரசுவதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகும். மீதி பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. 4 டன் பிடி அந்தப் பத்து ரூபாயில் வந்தது.

இனி மளிகைக் கடைக்காரர் தள்ளுபடி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது, முப்பத்தேழாகக் குறைகிறது. செலவில் குறைந்தது மூன்றே ரூபாய். சேமிப்போ பத்திலிருந்து பதிமூன்றாகிவிடுகிறது, 30 சதவீத ஏற்றம். மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நடப்பது இதுவே. டார்க் ரெஞ்ச் (நாம் வைத்த டார்க் வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) அதே நூறைத்தான் காட்டும். போல்ட்டுக்குள் போகும் இழுப்பு மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடலாம்.

துரு பிடித்த மரையில் இதற்கு நேர்மாறு. வாடகையும் மளிகையும் ஏறி 95 ரூபாய் போய்விட்டால் சேமிப்பு ஐந்து. ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சத்தம் கொடுக்கும், நீங்களும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவீர்கள். பிடியோ பாதிதான்.

அதனால் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒரு நிபந்தனையும் சொல்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது: மரை இந்த நிலையில் இருக்கும்போது இந்த எண். எண்ணெய் அல்லது கிரீஸ் தடவச் சொல்லியிருந்தால் தடவ வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் சுத்தமான, உலர்ந்த மரை என்று பொருள். வீல் நட்டுக்குக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழலும் என்று நல்ல எண்ணத்தில் சொல்வார்கள். சுலபமாகக் கழலும்தான். அதே டார்க்கில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடுவதும் சேர்ந்தே வரும். ஒரு கம்பி பிரஷ் எடுத்து மரையைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதுமானது.

இறுகினால் நல்லது, இன்னும் இறுகினால்?

பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் பள்ளி நாட்களில் இழுத்து விளையாடாதவர் யார்? கொஞ்சம் இழுத்து விட்டால் திரும்பிவிடும். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் நீண்டே நின்றுவிடும், பிறகு பேனாவில் போட்டாலும் வேலை செய்யாது. போல்ட்டுக்கும் அந்த எல்லை உண்டு. திரும்பி வர முடியாத அந்த எல்லைக்கு நெகிழ்ச்சி எல்லை என்று பெயர். அதைத் தாண்டிய போல்ட், பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் அதன் கழுத்து மெலிந்திருக்கும்.

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விலைக்குறியீடும் இல்லை, மாடல் நம்பரும் இல்லை. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு அறுபடும் அளவு வரும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று. 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அதில் எத்தனை பங்கில் நெகிழ்ச்சி எல்லை வரும் என்கிறது. .8 என்றால் 80 சதவீதம், அதாவது 640. 10.9 என்றால் 1,000-த்தில் அறுபடும், 900-த்தில் நெகிழ்ச்சி எல்லை. ஒரு போல்ட் தொலைந்துபோய் ஹார்டுவேர் கடையில் அதே சைஸ் வாங்கும்போது தலையில் உள்ள எண்ணையும் பார்த்து வாங்குங்கள். எண்ணே இல்லாத போல்ட், வாசல் கேட்டுக்கு ஆகும். பிரேக் காலிப்பருக்கு ஆகாது.

என் ஆயில் சம்ப்பில் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிராளி அலுமினியம். எஃகு போல்ட் அலுமினியத் துளைக்குள் போகும் இடங்களில் முதலில் உயிரை விடுவது துளைதான். ஸ்பார்க் பிளக் போகும் சிலிண்டர் ஹெட், ஆயில் சம்ப், கியர்பாக்ஸ் மூடி எல்லாம் இந்த வகை. பல கார்களில் டிரெயின் போல்ட்டுக்குச் சொல்லும் எண் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். ஆயிலை ஒழுகாமல் நிறுத்துவது முரட்டுப் பலம் இல்லை, அடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். அது ஒரு தடவை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்டது. பழைய வாஷரையே போட்டுவிட்டு, ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குவதுதான் சம்ப்புக்கு எமன். நான் செய்ததும் அதுதான். புது வாஷரின் விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சில எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டை இவ்வளவு டார்க் வைத்து, பிறகு 90 டிகிரி திருப்பு என்று எழுதியிருக்கும். உராய்வு என்ற தரகரை ஒதுக்கிவிட்டு, கோணத்தை வைத்தே நீட்சியை அளக்கும் தந்திரம் அது. அந்த போல்ட்களில் பல, வேண்டுமென்றே நெகிழ்ச்சி எல்லை வரை இழுக்கப்படுபவை. அவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வீட்டு வேலையில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மெக்கானிக் கை பொய் சொல்லுமா?

“முப்பது வருஷமா கை அளவுதான். எந்த வீலு கழண்டு ஓடிருக்கு சொல்லுங்க சார்?” என்று கேட்ட மெக்கானிக் அண்ணனிடம் எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரே அளவு போல்ட்டை, ஒரே ஸ்பேனரால், ஆயிரம் தடவை இறுக்கிய கைக்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்பேனர் செய்பவர்களும் அந்தக் கைக்கு உதவியே செய்திருக்கிறார்கள். ரிங் ஸ்பேனர் செட்டைத் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எட்டு, பத்து நம்பர் குட்டையாக இருக்கும், பத்தொன்பது நம்பர் நீளம். சின்ன போல்ட்டுக்குக் குட்டைக் கம்பி கொடுத்தால், சாதாரண கைப்பலத்தில் அளவு மீறாது என்ற ஏற்பாடு. பைப்பைச் சொருகி நீளமாக்கும்போது நாம் கலைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். கழற்றுவதற்குப் பைப் போடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன், உளுந்தூர்பேட்டை இருட்டில் ஒரு பைப் கிடைத்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். இறுக்குவதற்குக் கூடாது.

என்னைப் போல வருடத்துக்கு நான்கு தடவை ஸ்பேனரைத் தொடுகிறவர்களின் கைக்கு அந்தக் கணக்கு கிடையாது. நம் கையின் தவறு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதையும் கவனித்திருக்கிறேன்: சின்ன போல்ட்டை அதிகமாக இறுக்குகிறோம், பெரியதைக் குறைவாக. பத்து நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்பதே வழக்கமான அளவு. பதினைந்து சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது ஏழு கிலோ பலம்கூட இல்லை, இரண்டு விரல் வேலை. முழங்கையை மடக்கி இழுத்தால் தலை தனியாக வந்துவிடும்.

கிளிக் என்று ஒரு சத்தம்

டார்க் ரெஞ்ச் பிறந்தது கார் ஒர்க்‌ஷாப்பில் இல்லை. நியூயார்க் நகரத்தின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் 1918-இல் இதை உருவாக்கினார் என்று சொல்வார்கள். மண்ணுக்கடியில் ஓடும் குழாய் இணைப்புகளின் போல்ட்டை ஆட்கள் அதிகமாக இறுக்கி உடைப்பதைத் தடுக்கத்தான்.

இன்று கடையில் அதிகம் கிடைப்பது கிளிக் வகை. கைப்பிடியைத் திருகி எண்ணை வைத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அந்த அளவுக்கு அழுந்தி நிற்கும். நீங்கள் இழுக்கும் டார்க் அதைத் தொட்டதும் உள்ளே ஒரு நெம்பு வழுக்கி ‘கிளிக்’ என்று கையில் தட்டும். ரெஞ்ச் உங்களைத் தடுக்காது, செய்தி மட்டும்தான் சொல்லும். கிளிக் கேட்டதும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். “கேட்டுச்சா, சரி, இன்னொரு வாட்டி” என்று மறுபடி மறுபடி கிளிக் அடிப்பது பலருக்குப் பழக்கம். ஒவ்வொரு கிளிக்கிலும் நட்டு இம்மி கூட நகரக்கூடும்.

வெடுக்கென்று இழுக்காமல், கைப்பிடியின் நடுவைப் பிடித்து ஒரே சீராக இழுங்கள். வேலை முடிந்ததும் அளவில் உள்ள கடைசிக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அழுந்திய ஸ்பிரிங்கை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அளவு மாறும். இறுகிய நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். நல்ல ரெஞ்ச் நான்கு சதவீதம் கூடக் குறையக் காட்டலாம், அது பரவாயில்லை. அதன் அளவு வரம்பின் அடிப்பகுதி, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே, நம்பகமில்லை. 200 வரை போகும் ரெஞ்சை வைத்து 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை இறுக்கப் பார்ப்பது, லாரி எடைமேடையில் கொத்தமல்லிக்கட்டு நிறுப்பதற்குச் சமம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வீல் நட்டுக்கு ஆகிற பெரியதை வாங்குங்கள்.

அதுவும் வாங்கப் பிடிக்கவில்லையா? ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்க ஒரு கொக்கித் தராசு வைத்திருப்பீர்கள், 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு. வீல் ஸ்பேனரின் கைப்பிடி இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டி நிற்கும்படி நட்டில் மாட்டுங்கள். நட்டின் மையத்திலிருந்து 25 சென்டிமீட்டரில் தராசுக் கொக்கியைப் போட்டு, மற்றொரு கையால் நட்டுப் பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி, நேர் மேலே இழுங்கள். 40 கிலோ காட்டும்போது 98 நியூட்டன் மீட்டர். 35 சென்டிமீட்டர் ஸ்பேனர் என்றால் 29 கிலோ போதும். கம்பிக்கும் தராசுக்கும் நடுவே செங்கோணம் இருப்பது அவசியம், சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, காரை எடைக்குப் போடப் போறியா?” என்றார்.

ஒரு வீலைத் திரும்ப மாட்டும்போது

இனி எல்லாவற்றையும் ஒரு வீலில் வைத்துப் பார்க்கலாம். சமதரை, கைப்பிரேக், எதிர்ப்பக்க டயருக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். காருக்கடியில் தலையைக் கொடுக்கிற வேலை என்றால் தாங்குக்கட்டை, ஒர்க்‌ஷாப் பாஷையில் ஜாக் ஸ்டாண்ட், கண்டிப்பாக வேண்டும்.

ஹப் முகத்தையும் வீலின் உட்பக்கத்தையும் பிரஷ்ஷால் தேயுங்கள். அரைத்தாள் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். கூம்பு வடிவம் உள்ள நட்டு என்றால் கூம்பு வீலைப் பார்த்து உட்கார வேண்டும். அந்தக் கூம்புதான் வீலை மையத்தில் நிறுத்துகிறது. நான்கு நட்டையும் முதலில் விரலால் ஓட்டுங்கள். விரலால் ஓடாத நட்டை ஸ்பேனரால் ஓட்டக் கூடாது, மரை ஒன்றோடொன்று குறுக்கே ஏறியிருக்கலாம். பிறகு கோலத்தில் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைப்பது போல, ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரில் உள்ளதற்குப் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போனால் வீல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வு பிரேக் டிஸ்க்கையும் லேசாகக் கோண வைத்துவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது பெடல் துடிக்கத் தொடங்கும்.

காரை இறக்கி, டயர் தரையில் ஊன்றியதும் கடைசி இறுக்கு. அதுவரை மிதமான இறுக்கம் போதும். அந்தரத்தில் தொங்கும் வீலை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப் போனால் வீலும் கூடவே சுற்றும், ஜாக்கியும் ஆடும். இங்கேயும் இரண்டு சுற்றாகப் போவேன்: முதலில் நான்குக்கும் 50, பிறகு நான்குக்கும் முழு அளவு.

டயர் கடைக்குப் போனாலும், “கன்ல கடைசி வரைக்கும் அடிக்காதீங்க தம்பி, கொஞ்சமா ஓட்டி விடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு டிக்கியிலிருந்து ரெஞ்சை எடுப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு பையன் மட்டும் ரெஞ்சைக் கையில் வாங்கி, தானே நான்கு நட்டும் கிளிக் அடித்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா அண்ணே?” என்றான்.

சென்ற மாதம் டயர் மாற்றியபின் திருச்சிக்குப் போகும் வழியில் எண்பது கிலோமீட்டரில் டீ குடிக்க நிறுத்தினேன். கண்ணாடி டம்ளர் கைக்கு வருவதற்குள் பதினாறு நட்டிலும் ரெஞ்சைப் போட்டுப் பார்த்துவிட்டேன். பதினைந்து நட்டு அசையாமல் அங்கேயே கிளிக் சொன்னது. முன்பக்க இடது வீலில் ஒன்று மட்டும், சத்தம் போடுவதற்கு முன் ஒரு விரல் அகலம் நகர்ந்தது.